வண்டி பல் தேய்க்கும் நேரம்

அப்பா, வண்டி பல்லு தேய்க்குது, இன்னும் வாய் கொப்பளிக்கல, யாரும் பேசாதீங்க.

சொல்லி முடித்தாயிற்று. அவசரப்பட்டுவிட்டேனோ? இல்லை. நேற்று அந்தச் சந்தேகம் வந்ததால்தான் இன்று ஒவ்வொரு சொல்லையும் மிட்டாயைக் கரைய விடுவது மாதிரி நிதானமாகச் சொன்னேன். 'பேசாதீங்க'வைக் கொஞ்சம் இழுத்துக்கூடப் பார்த்தேன். அப்படியும் நான்தான் முதலில் முடித்தேன். சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் அவள் மனத்துக்குள்தான் சொல்லிக்கொண்டாள். உதடு அசையவில்லை. மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள், எதிரே கண்ணாடியில் படிந்த காலைப் பனி. பானெட்டுக்கு அடியில் யாரோ தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி அந்தச் சத்தம் கலகலத்தது. பிறகு, டப்பாவைக் கீழே வைத்துவிட்டதைப் போலச் சட்டென்று அடங்கியது. இன்ஜின் தன் பழைய முணுமுணுப்புக்கு வந்து சேர்ந்தது. அவள் மூச்சை விட்டாள். பக்கத்தில் அவள் கணவர் கைப்பிரேக்கை இறக்கினார்.

"பாத்தியா, எவ்வளவு அமைதி" என்றார். "ஆயிலை மாத்தினேன் பாரு, அதோட போச்சு."

சொல்லிவிட்டு அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து, உள்ளே தேட எதுவும் இல்லாமல் தேடினாள். வண்டி தெருவுக்கு வந்தது.

அந்த வண்டி அவர்கள் வீட்டுக்கு வந்தபோதே புதிது இல்லை. யாரோ ஒரு பல் டாக்டர் ஓட்டிக் களைத்த பிறகு வந்தது. மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். காலையில் பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிற பிள்ளை. ஒரு நாள் நுரை வழியும் வாயோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் போட்டுவிட்டு அவர் சாவியைத் திருப்பினார். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற இன்ஜின் ஒரு கணம் கரகரத்துவிட்டு ஓய்ந்தது. அவர் உடனே, "கேட்டியா? பல் டாக்டர் வண்டி. அதுவே எழுந்ததும் பல்லு தேய்க்குது, உனக்கென்ன?" என்றார். நடுவில் பேசினால் நுரை உள்ளே போய் வண்டிக்கு இருமல் வந்துவிடும் என்றும் சேர்த்துவிட்டார். மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவர் சாவியில் கை வைத்ததும் பின்சீட்டிலிருந்து அந்த வாக்கியம் வரும். 'தேய்க்குது' வருவதற்குள் சத்தம் நின்றுவிடும். அப்படியும் அவள் விட மாட்டாள். 'யாரும் பேசாதீங்க' வரை சொல்லி முடித்தால்தான் வண்டி நகரலாம்.

இப்போது நினைத்தால், அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட மீறாத ஒரே சட்டம் அதுதான். சமையலறையில் ஆரம்பித்த சண்டை செருப்பு மாட்டும்போது வளர்ந்து, வண்டியின் கதவை அறைந்து சாத்தும்போது உச்சத்தில் இருக்கும். சாவி திரும்பியதும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். பின்சீட்டுக் குரல் முடிவதற்குள் பல சண்டைகள் வாலைச் சுருட்டிக்கொண்டுவிடும். எங்கே விட்டோம் என்று அவளுக்கு மறந்துபோகும். அவருக்கு மறக்காது, ஆனால் சிரிப்பு வந்துவிடும்.

மெக்கானிக்கும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார். அவருக்கு இவர்கள் வீட்டில் 'நாளைக்கு' என்று பெயர். எப்போது போனாலும், எதைக் கேட்டாலும், "நாளைக்கு வாங்கண்ணே" என்பதால் வந்தது. அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. ஒரு தடவை காலையில் வீட்டுக்கே வந்து பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்ல, அவர் கையில் ஸ்பேனரோடு நின்று கேட்டார். பிறகு அவர்கள் இருவருக்கும் புரியும்படி சொன்னார். உள்ளே ஒரு சங்கிலி இருக்கிறது, டைமிங் செயின். அதைத் தொய்யாமல் பிடித்துக்கொள்ள ஒரு டென்ஷனர் இருக்கிறது. அது ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் மறுபடி ஏறி வரும்வரை சங்கிலி தளர்ந்து அடித்துக்கொள்ளும். இந்த வண்டிக்கு இவ்வளவு சத்தம் சகஜம். பாப்பா 'தேய்க்குது' சொல்வதற்குள் நின்றால் கவலை இல்லை. 'கொப்பளிக்கல' வரை போனால் காதை அதன் மேல் வைத்திருங்கள். 'பேசாதீங்க' முடிந்தும் நிற்கவில்லை என்றால் யோசிக்காமல் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். சங்கிலி நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு மூவரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தாலும் அதுவே அளவாகிவிட்டது.

மகளை வெளியூர்க் கல்லூரியில் கொண்டுவிடப் புறப்பட்ட காலையில் சத்தம் வந்தது; பின்சீட்டிலிருந்து குரல் வரவில்லை. பெட்டி படுக்கைகளுக்கு நடுவே முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவர்தான் சொன்னார், பழைய பிள்ளைக் குரலில், கொஞ்சம் மழலையாக, கடைசிவரை. மகள் அழுதுகொண்டே முன்சீட்டை எட்டி உதைத்தாள். அந்த உதையின் தடம்கூட இருக்கிறது என்று அவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பார்த்தவரை தடம் எதுவும் இல்லை.

மகள் வேலை கிடைத்து மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊருக்குப் போன பிறகு, வாக்கியத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. தினமும் அவள் உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அவரும் சொல்லிப் பார்ப்பார் என்றே நினைத்திருந்தாள்.

சிக்னலில் திரும்பிய பிறகும் இண்டிகேட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைத்தெரு தாண்டியும் அடித்தது. முன்பெல்லாம் அவள் கை நீட்டி அணைத்துவிட்டு ஒரு கேலி செய்வாள். இப்போது கேலி செய்வதில்லை. கையை மட்டும் நீட்டுவாள். எதற்கு என்று அவர் கேட்பதும் இல்லை.

அவர் வேலை பார்த்த அச்சகத்தில் அவருக்குப் பாம்புச் செவி என்று பட்டப்பெயர் இருந்தது. பெரிய கூடத்தில் அத்தனை இயந்திரங்களும் ஒன்றாக ஓடும்போது, வாசலில் நின்றபடியே மூன்றாவதில் ஒரு ரோலர் காய்ந்துபோயிருக்கிறது என்பார். போய்ப் பார்த்தால் காய்ந்திருக்கும். அந்தப் பெயரை வைத்தவர் அங்கே புரூஃப் பார்த்தவர். பழைய இலக்கியத்தில் பாம்பைக் கட்செவி என்பார்கள், அதற்குக் கண்தான் காதாம், இவருக்குத் தலை முழுக்கக் காது என்று டீ இடைவேளையில் விளக்குவாராம். காதுக்குப் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று இவள் வருஷக்கணக்கில் சொன்னாள். பஞ்சை வைத்துக்கொண்டால் மிஷின் பேசுவது எப்படிக் கேட்கும் என்று அவர் கேட்டார். மிஷின்கள் பேசிப் பேசியே அவர் காதை வாங்கிக்கொண்டன. அதிலும் உலோகம் உரசும் மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். மற்றவர்களுடைய காதைப் பற்றி இதையெல்லாம் அவள் தினமும் சொல்கிறவள்.

அவளுடைய வேலையே அதுதான். மருத்துவமனையின் பின்பக்க வராந்தாவில் சத்தம் புகாத ஒரு சிறிய அறை, நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய நோயாளி, இந்தப் பக்கம் பொத்தான்களோடு இவள். கேட்டதும் கையிலுள்ளதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்துவதைவிட மனிதர்கள் அதிகம் செய்வது, இவள் முகத்தைப் பார்ப்பது. இவள் கண் தாழ்ந்தால் அழுத்துவார்கள். இவள் புருவம் அசைந்தால் அழுத்துவார்கள். தேர்வு எழுதும் பிள்ளைகள் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பது போல, பாஸாகிவிட வேண்டும் என்ற தவிப்போடு. அதனால் வேலையில் இருக்கும்போது அவள் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்த முகத்தைக் கழற்றிவிடுவாள்.

அன்று காலை வந்த ஒரு அம்மாள், கணவரை உள்ளே அனுப்பிவிட்டு இவள் காதருகே வந்து, "அவருக்கு எல்லாம் கேக்கும்மா. நான் பேசறதுதான் கேக்காது. அலமாரில பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாரு, மாடில இருந்து இறங்கி வருவாரு" என்றார். இவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனுஷர் இவள் சிரிப்பைப் பார்த்துவிட்டு, எந்த ஒலியும் தராதபோதே அவசரமாகப் பொத்தானை அழுத்தினார்.

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

தன் கணவரை அந்த நாற்காலியில் ஒரு முறை உட்கார வைக்க அவளால் முடியவில்லை. கேட்டபோதெல்லாம், வீட்டில்தான் தினமும் டெஸ்ட் நடக்கிறதே, ஃபெயிலாகி ஃபெயிலாகி எனக்குப் பழகிவிட்டது என்று சிரித்து ஒதுக்கினார். அவளும் வற்புறுத்தவில்லை. டிவியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. விருந்தாளிகளின் ஜோக்குக்கு அவர் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். இதெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியவைதான். ஆனால் வண்டி அப்படி இல்லை. சத்தம் நீள்கிறது என்று அவள் முன்பு ஒரு தடவை சொன்னதும், கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் கெட்டியான ஆயிலை வாங்கி அவரே ஊற்றினார். மறுநாள் காலையில் தனியாகப் போய் ஸ்டார்ட் செய்து பார்த்தார். சத்தம் அடியோடு போய்விட்டது என்று கொண்டாடிக்கொண்டு உள்ளே வந்தார். அதைப் போனில் பதிவு செய்து மகளுக்கும் அனுப்பினார், பக்கத்து அறையில் இருந்த இவளுக்கும் அனுப்பினார். இவள் கேட்டாள். ஆணிகள் குலுங்கும் சத்தம் முழுசாக, தெளிவாக. அதற்கு மேலேயே அவருடைய சந்தோஷமான குரல்: கேட்டியா? ஒண்ணுமே இல்ல.

சத்தம் இருக்கிறது என்று சொன்னால், உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொன்னதாகும். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. அவள் எதையும் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

வருகிற சனிக்கிழமை இருவரும் மகளுடைய வீட்டுக்குப் புறப்படுவதாக இருந்தது. மலைப்பாதை. மகள் புது வீட்டுக்கு மாறியிருந்தாள். அவளுக்காக அவர் தன் கையால் ஒரு புத்தக அலமாரி செய்து, பலகை பலகையாகப் பிரித்துக் கட்டி வைத்திருந்தார். அது பின்சீட்டில் சரியாக அடங்கும்படி அளவெடுத்தே செய்தது.

மத்தியானம் அவள் மருத்துவமனையில் அனுமதி கேட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். வண்டியைக் கொண்டுபோய்ப் பயனில்லை. ஓடிச் சூடான பிறகு இந்தச் சத்தம் வராது; டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி அங்கே சமர்த்தாக நிற்கும். போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். மெக்கானிக் கிரீஸ் படிந்த கையைத் தூர வைத்துக்கொண்டு, தலையை மட்டும் போனிடம் கொண்டுவந்து கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

கெட்டி ஆயில் காலைக் குளிரில் மேலே ஏறவே சோம்பும், சத்தம் குறையாது, கூடும் என்றார். பிறகு, "அண்ணன் குரல்தானே இது? ஒண்ணுமே இல்லங்கறாரே" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுத்தமாகவே இருந்த ஒரு ஸ்பேனரைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"அப்ப நாளைக்குக் கொண்டு வரச் சொல்லவா?" என்று பழக்கத்தில் கேட்டாள்.

"நாளைக்கு வேணாம் அண்ணி. இன்னிக்கே."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சிரித்தார்கள், ஆனால் அவர் முகம் சிரிப்புக்குள் முழுசாகப் போகவில்லை. சங்கிலி மட்டும் போதாது, அது ஓடுகிற பல்சக்கரங்கள், பக்கத்தில் தாங்குகிற பிளாஸ்டிக் கைடுகள், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும், அதற்காக முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்றார். மாற்றாமல் ஓட்டினால் ஒரு நாள் சங்கிலி ஒரு பல் தாவும். உள்ளே ஒன்றோடொன்று மோதக் கூடாதவை மோதும். அதோடு இன்ஜின் முடிந்தது. அது நாளையும் ஆகலாம், அடுத்த வருஷமும் ஆகலாம். "வாசல்ல நின்னுதுன்னா தள்ளிட்டு வந்துடலாம். மலைல, வளைவுல நின்னுதுன்னா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதில் வேண்டாம் என்பது போல் கையை ஆட்டினார்.

கிளம்பும்போது அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் அவளைப் பஸ் நிறுத்தம்வரை தொந்தரவு செய்தது. மாற்றிவிட்டால் காலையில் சத்தமே இருக்காதாம். சாவியைத் திருப்பினால் பூ மாதிரி எழுந்துகொள்ளுமாம். அப்படியானால் அந்த வாக்கியம் எங்கே போகும்? அதைச் சொல்வதற்கு இடமே இருக்காதே. பின்சீட்டில் நுரை வாயோடு உட்கார்ந்திருக்கிறவளைத் தினமும் ஒரு கணம் பார்க்கிறேன், அந்தக் கணத்தையும் சேர்த்து அவர் பிரித்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தாள். உடனே தன் மேல் எரிச்சல் வந்தது. பழுதைப் போய்ப் பொக்கிஷம் மாதிரி பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரரும் அதையேதான் செய்கிறாரோ என்னவோ.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவரிடம், மெக்கானிக்கைப் பார்த்ததாகவும், போவதற்கு முன் செயினை மாற்றிவிடுவது நல்லது என்று அவர் நினைப்பதாகவும் சொன்னாள். குழாயை மூடிவிட்டு இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவன் வந்து கேட்டானா, சத்தமே இல்லாத வண்டிக்கு எதற்குச் செயின் என்றார் அவர். கேட்டுவிட்டு, காலையில் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தார். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

மகள் போன் செய்தபோது அவர் வாசலில் அலமாரிப் பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா அனுப்பினதைக் கேட்டேன். சத்தம் இருக்கேம்மா."

"ம்."

"நான் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அவ்வளவு ஆசையா கேட்டாரு, என்ன சொல்றது. நீ ஒண்ணு பண்ணு. உனக்கு முதுகு வலின்னு சொல்லிடு. பஸ்ல வாங்க."

நல்ல பிள்ளை, சாமர்த்தியமான பிள்ளை. யாருக்கும் காயம் படாமல் காரியத்தை முடிக்கத் தெரிந்தவள். இதை யாரிடம் கற்றாள் என்று யோசித்தபோது அவளுக்குப் பெருமையாக இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். கார் சீட்டில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது, பஸ்ஸில் போகலாமா என்றாள். சத்தமாக, அவர் முகத்துக்கு நேரே. அவர் கவலையோடு கேட்டுக்கொண்டு மேலே போனார். பரணில் எதையோ உருட்டுகிற சத்தம் வந்தது. இறங்கி வந்தபோது கையில் மகளுடைய பழைய சின்னத் தலையணை, முயல் படம் போட்டது, பள்ளிக்குப் போகிற வழியில் தூங்குவதற்காக வாங்கியது. அதைத் தட்டித் தூசி போக்கி, வண்டியில் அவள் சீட்டில் சாய்த்து வைத்து, தானே உட்கார்ந்து பார்த்து, கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். "இப்ப உக்காந்து பாரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை பனி அதிகம். பின்சீட்டில் பலகைகள், அவற்றுக்கு மேல் பைகள், சாயாமல் இருக்க ஃபிளாஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார். ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். அவள் தலையணையில் முதுகைச் சாய்த்து பெல்ட்டை மாட்டினாள். அவர் சாவியைத் திருப்பினார்.

இன்று சொல்லிப் பார்க்கக் கூடாது என்று இருந்தாள். வாக்கியம் அவளைக் கேட்காமல் தானாக ஓடியது. பல்லு தேய்க்குது. வாய் கொப்பளிக்கல. யாரும் பேசாதீங்க. முடிந்தது. சத்தம் முடியவில்லை. வாக்கியம் மறுபடி முதலிலிருந்து கிளம்பி, அப்பா, வண்டி என்று நடந்தது. அழுதுவிடக் கூடாது என்றோ என்னவோ, அவள் முகம் தானாகவே மருத்துவமனை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டது. துடைத்து வைத்த தட்டு. தோள்கூட அசையவில்லை.

சத்தம் நின்றது.

கைப்பிரேக் இறங்கவில்லை. இன்ஜின் சீராக முணுமுணுத்தது. கண்ணாடியில் பனி உருகி ஒரு கோடாக வழிந்தது. எதற்காக இவர் இன்னும் காத்திருக்கிறார் என்று அவள் மெல்லத் திரும்பினாள்.

அவர் பாதையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை பிரேக்கின் மேல் தயாராக இருந்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். சாவி, சத்தம், அவள் விடுகிற மூச்சு, அவர் இறக்குகிற பிரேக். ஒரு காலையும் பிசகியதில்லை. கொஞ்சமாவது கேட்கிறது போலிருக்கிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்ட காலைகள் எல்லாம் அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

அவள் கண் கைப்பிரேக்குக்குப் போனது.

"ஆயில் ஊத்தின அன்னிக்கு நிஜமாவே போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். அனுப்பி வேற வச்சேன். மறுநாள் நீ ஏறி உக்காந்த. சாவியைத் திருப்பினதும் உன் தோள் ஏறுது, அப்புறம் இறங்குது. எதுக்குடா இறங்குதுன்னு யோசிச்சேன்." பிரேக்கிலிருந்து கையை எடுக்காமலே லேசாகச் சிரித்தார். "கண்ணுலதான் காதுன்னு அந்த புரூஃப் ரீடர் அன்னிக்கே சொன்னான்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீ மட்டும் சொன்னியா? தினமும் எவ்வளவு அமைதின்னு கேட்டேனே. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னுதான் கேட்டேன்."

அவர் பின்னால் திரும்பி, கட்டிய பலகைகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் குரல் எவ்வளவு தாழ்ந்தது என்று தெரியாததால் இன்னும் தாழ்த்திக்கொண்டு, பேசினார். திரும்பி வந்ததும் வண்டியை நாளைக்குவிடம் விட்டுவிடுவாராம். அவள் அறையில், அந்த நாற்காலியிலும் உட்காருவாராம். அதெல்லாம் வந்த பிறகு. இந்த ஒரு தடவை மட்டும் இந்த வண்டியோடு மகள் வாசலில் போய் நின்று, மறுநாள் காலைக் குளிரில் இந்தச் சத்தத்தை அவளுக்குக் கேட்க வைக்க வேண்டும். அதைக் கேட்டதும் பின்சீட்டிலிருந்து வாக்கியம் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். மாற்றிவிட்டால் அப்புறம் இவள் தோளில் அவர் கேட்பதற்குத்தான் என்ன இருக்கிறது.

"நீ எப்பவும் போல மூச்சை விடு. நின்னுடுச்சுன்னு சொல்லு. போதும், கிளம்பிடலாம்."

நின்றுதான் இருந்தது. எப்போதோ நின்றுவிட்டது. சொன்னால் அது பொய்கூட இல்லை. தலையணையின் முயல் முதுகில் மெத்தென்று இருந்தது. மலையின் வளைவுகளும், வாசலில் நிற்கப்போகிற மகளும், பிரேக்கின் மேல் நரம்பு எழுந்த அந்தக் கையும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன. ஒரு மூச்சுதான். எத்தனை காலையில் விட்டிருக்கிறாள்.

அவள் தன் கையை அவர் கையின் மேல் வைத்தாள்.

"மாட்டேங்க" என்றாள்.

மிகவும் மெதுவாகச் சொல்லிவிட்டதாகத் தோன்றியது. அவருக்குக் கேட்டிருக்காது. அதனால் பெல்ட்டைக் கழற்றி, அவர் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, உதடு தெரியும்படி இன்னொரு முறை சொன்னாள்.

"மாட்டேன்."